மே மாதத்தில் இலங்கை மலையகம்: முதியவர்களோடு எந்த ஊரில் தங்குவது?

நங்கநல்லூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் இரண்டாம் வாரத்தில், கத்திரி வெயிலுக்குத் தப்பி ஆறு நாள்கள் இலங்கை மலையகத்துக்குக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டியிருக்கிறது; எடுத்துக்கொண்டு போனாலும் மேட்டுப்பாளையத்திலிருந்தே வண்டிகள் ஊர்கின்றன. கொழும்புக்கோ ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் போய்விடுகிறது என்பதால் இந்த ஆண்டு அந்தப் பக்கம் மனம் திரும்பியிருக்கிறது.

நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்கு வயது 74, முழங்கால் தேய்மானம். சமதளத்தில் நடப்பார், படி என்றால் பத்துக்கு மேல் தாங்காது. அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு ஏழு. மகள் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் நான்காவதிலேயே வாந்தி எடுத்தவள். மனைவிக்கு இலங்கையின் மலை ரயிலில் ஒரு முறையாவது போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நுவரெலியா, எல்ல, அப்புத்தளை ஆகிய மூன்று ஊர்களில் விடுதி தேடிக் களைத்துவிட்டேன். எந்த விடுதியின் படத்தைத் திறந்தாலும் ஒரு பால்கனி, ஒரு கோப்பைத் தேநீர், அதற்கு அப்பால் மூடுபனி; ஊர்ப் பெயரை மறைத்துவிட்டால் எது எங்கே என்று சொல்லவே முடியாது. மூன்று ஊர்களிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்குவதா, ஒரே ஊரில் இருந்துகொண்டு சுற்றி வருவதா, தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்களில் தங்குவது எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சரிப்படுமா என்று சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழைமானி:

வணக்கம் ஐயா. இந்த மலைகளுக்கு நான்கு முறை, நான்கு வெவ்வேறு மாதங்களில் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். படங்களை மூடி வைத்துவிட்டு முதலில் உயரத்தைப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீட்டர், ஏறக்குறைய நம் குன்னூர். அப்புத்தளை 1,400 மீட்டருக்குச் சற்று மேல், ஏற்காட்டை விடக் கொஞ்சம் தாழ்வு. எல்ல 1,041 மீட்டர்தான்; அதாவது உங்கள் ஏலகிரி. மே மாதத்தில் எல்லவில் அறை எடுத்துவிட்டுக் குளிரவில்லையே என்று வருந்துகிறவர்களில் பலர் இந்த ஓர் எண்ணைப் பார்க்காதவர்கள். நுவரெலியாவில் அப்போது பகலில் 20 டிகிரியை ஒட்டியும் இரவில் 12, 13 அளவிலும் இருக்கும், கம்பளி கட்டாயம். எல்லவில் பகலில் மின்விசிறி தேவைப்படும்.

அடுத்தது, மலையின் எந்தப் பக்கம் என்பது. இலங்கையின் நடுமலை ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே இறுதி முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் மோதி ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாகக் கிழக்கே ஊவா மாகாணப் பக்கம் இறங்குகிறது. அதனால் பண்டாரவளை, வெலிமடை, எல்ல ஆகிய ஊர்கள் அந்த மாதங்களில் ஓரளவு வறண்டிருக்கும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் பேர்பெற்ற மணம் இந்த உலர்காற்றின் கொடைதான். அக்டோபர் முதல் ஜனவரி வரை கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நம்மை நனைக்கும்போது ஊவாவையும் சேர்த்து நனைக்கும். ஒரு ஜூன் மாதம் நுவரெலியாவுக்குக் கீழேயுள்ள நானுஓயா நிலையத்தில் சட்டை பிழியப் பிழிய ரயில் ஏறினேன். பட்டிப்பொல தாண்டியதும் ஒரு குகைக்குள் வண்டி நுழைந்தது. எதிரே இருந்த அம்மையார் குடையை மடக்கிப் பைக்குள் வைத்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. குகையின் மறுவாயில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் போகும் மே இரண்டாம் வாரம் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்டது. காலை தெளிவாக இருக்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் இரு பக்கமும் இடியோடு மழை வரலாம். ஆகவே மாலை முழுவதும் அடைந்து கிடந்தாலும் சலிக்காத விடுதி வேண்டும். உள்ளே ஒரு கூடமும், நீளமான திண்ணையும், பிள்ளைகள் கேரம் ஆட இடமும் இருந்தால் அதுவே பெரிய வசதி. பால்கனிக் காட்சிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் மூடுபனியில் கரைந்துவிடும்.

மூன்று ஊர்களில் மாறி மாறித் தங்க வேண்டாம். ஆறு பேருடைய மூட்டை முடிச்சை ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்ப்பதிலேயே இரண்டு அரை நாள்கள் போய்விடும். நுவரெலியாவில் இரண்டு இரவுகள், பண்டாரவளையில் இரண்டு இரவுகள் போதும். உங்கள் பட்டியலில் இல்லாத ஊரைச் சொல்கிறேனே என்று பார்க்கிறீர்களா? பண்டாரவளை 1,200 மீட்டர் உயரத்தில், அப்புத்தளைக்கும் எல்லவுக்கும் ஏறத்தாழ நடுவில், இரண்டிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. காட்சிப் பெருமை இல்லாத சந்தை ஊர்தான்; ஆனால் மருத்துவமனை, மருந்துக் கடைகள், வங்கி, ரயில் நிலையம் எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு. அப்பாவோடு போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஹோர்ட்டன் சமவெளி, அதன் உலக முடிவு எனப்படும் பெரும் பள்ளத்தாக்கு ஆகியவற்றைப் பார்க்க எண்ணினால் நுவரெலியாவிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கிறது. ஒன்பது, ஒன்பதரைக்குள் முகில் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடும். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டர் என்பதால் அப்பாவுக்கு அது ஆகாது. மகனை மட்டும் அழைத்துப் போங்கள். அறை பதிவு செய்யும்போதே, நாலரை மணிக்குத் தேநீரும் கையில் கொண்டுபோகச் சிற்றுண்டியும் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறைகளை வாயிலிலேயே பிரித்து வாங்கிக்கொள்வார்கள். பொட்டலம் காகிதத்தில் இருக்கட்டும்.

தலவாக்கலைப் பேத்தி:

வணக்கம் அண்ணா. மழைமானி ஐயா எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தோட்ட பங்களாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ், 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமிலிருந்து கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் பிறந்தது கோத்தகிரியில், இப்போது இருப்பது அம்பத்தூரில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், ஒரு காலத்தில் சின்னதுரை, அதாவது தோட்டத்தின் உதவி மேலாளர், இருந்த பங்களாவில் மூன்று இரவுகள் தங்கினோம்.

வசதியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இவ்வகை பங்களாக்களில் பெரும்பாலும் நான்கைந்து படுக்கையறைகள்தாம் இருக்கும். எல்லாம் தரைத்தளம், உயரமான கூரை, விறகு எரியும் கணப்பு, சமையலுக்கு ஒருவர். அப்பாவின் முழங்காலுக்கு இதைவிட நல்ல கட்டடம் மலையில் கிடைக்காது. ஆறு பேர் சேர்ந்து முழு பங்களாவையும் எடுத்துக்கொண்டால் தலைக்கு விழும் செலவும் நட்சத்திர விடுதியை விடக் குறைவாக வர வாய்ப்புண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். முதலாவது, பிரதான சாலையிலிருந்து பங்களா வரை எத்தனை கிலோமீட்டர், அந்தப் பாதையில் உங்கள் வேன் ஏறுமா என்பது. நாங்கள் தங்கிய இடத்தில் கடைசி நான்கு கிலோமீட்டர் கருங்கல் பாவிய தோட்டப் பாதை. வேன்காரர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடு நிறுத்திவிட்டார். பங்களாவிலிருந்து வந்த ஜீப்பில் அம்மா குலுங்கிய குலுக்கலில் இரண்டு நாள்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இரண்டாவது, வெளியே போய்ச் சாப்பிட வழியில்லாத இடத்தில் மூன்று வேளையும் அவர்கள் கொடுப்பதுதான் உணவு. ஆகவே அம்மாவின் சைவத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அதை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'வெஜ்' என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே காய்கறியை மரக்கறி என்பார்கள். மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டாலும் தேங்காய்ச் சம்பலிலும் சில கறிகளிலும் மாசிக் கருவாட்டை இடித்துத் தூவுவது வழக்கம், அதை அவர்கள் மீனாகவே கணக்கில் வைப்பதில்லை. என் அம்மா ஒரு நாள் காலையில் இடியப்பத்தோடு சம்பலை வாயில் வைத்துவிட்டு, "இது என்னடி, கொட்டாங்குச்சித் துருவலா நெருடுது?" என்று கேட்டார். நான் சமையற்காரரைப் பார்த்தேன். அவர் அம்மியைப் பார்த்தார். 'மாசி, கருவாடு, முட்டை எதுவும் கூடாது, சைவம்' என்று தமிழிலேயே முழுதாகச் சொல்லுங்கள். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை ஊர்களில் சைவக் கடைகளே உண்டு. அங்கே இந்தக் கவலை இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பங்களாவின் புல்வெளியிலிருந்து கீழே பார்த்தால் தகரக் கூரையோடு நீளமாகத் தெரிபவை லயங்கள். எங்கள் தாத்தா காலத்து வரிசை வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அது பலருடைய வீட்டு வாசல். விருந்தாளிகள் சிலர் கேமராவோடு நேரே உள்ளே இறங்கிவிடுவதைப் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதென்றாலும் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் பேசுவது நம் தமிழ்தான், கேட்பதில் சிரமமே இல்லை. "எந்த ஊருங்க?" என்று அவர்களும் கேட்பார்கள், திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துப் பெயர் ஏதாவது சொன்னால், தங்கள் பாட்டனார் ஊரும் அங்கேதான் என்று ஒருவராவது சொல்லுவார். பிள்ளைகளுக்குத் தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, காட்டுவதானால் திங்கட்கிழமை காலையைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கொழுந்து எடுக்காததால் மறுநாள் காலையில் இயந்திரங்கள் ஓடாமல் இருக்கலாம்.

எழுபத்திரண்டு படி:

என் புனைபெயரே என் மறுமொழி. எல்லவில் பாறைமுகக் காட்சி என்று போட்டிருந்த ஒரு விடுதியில் மூன்று இரவுகளுக்கு முன்கூட்டியே முழுப் பணத்தையும் கட்டினேன். சாலையிலிருந்து வரவேற்பறைக்கு எழுபத்திரண்டு படிகள், பாசி பிடித்தவை, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. இறங்கி முடித்ததும் எங்கள் அறை இன்னும் கீழே என்றார்கள். என் மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பையன்கள் தூக்கிச் சென்றார்கள். அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, மூன்று நாளும் மேலே ஏறவும் இல்லை. விடுதியின் பக்கத்தில் படிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை. இரவு பதினொன்றரை வரை மேலே சாலையோரக் கடைகளிலிருந்து பாட்டு வேறு.

எனவே, வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று எண்ணோடு எழுதிக் கேளுங்கள். 'கொஞ்சம் படிதான்' என்று பதில் வந்தால் அந்த விடுதி வேண்டாம். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் பகலில் எல்லவுக்குப் போய் வந்தால் போதும். பாலத்துக்கு இறங்கும் வழியும் சரிவுதான், அப்பாவுக்கு மேலேயிருக்கும் தேநீர்க் கடையிலிருந்தே தெரியும்.

இன்னொன்று, நுவரெலியாவில் குளிரை விட ஈரம்தான் தொல்லை. மலிவான அறைகளில் சூடேற்றும் கருவி இருக்காது, போர்வை ஈரவாடை அடிக்கும். மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் நுழைந்ததும் தலையணையை முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் அப்போதே அறை மாற்றச் சொல்லுங்கள், இரவு ஒன்பதுக்கு மேல் கேட்டால் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருப்பார். சுடுநீர் சூரியத் தகட்டில் வருகிறதா, கீசரில் வருகிறதா என்பதும் முக்கியம். முகில் மூடிய நாளில் சூரியத் தகடு தண்ணீரைப் பச்சையாகவே அனுப்பும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். பெரிய விடுதிகள் கட்டணத்துக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் பதினெட்டு விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் பின்னால் வரும் என்று பொருள். மூன்று அறைகளுக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஓர் அறையின் வாடகை அதிலேயே போய்விடும்.

நங்கநல்லூர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மறுமொழிகளை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாசிக் கருவாட்டுப் பகுதியில் அம்மா, "நான் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்கள் யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

எல்லவில் தங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். முதல் இரவு கண்டியில் ஓய்வு. மகளுக்காக, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கான 77 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஏறாமல் றம்பொடையில் ஆஞ்சநேயர் கோவிலில் இறங்கி இளைப்பாறிப் போகலாம் என்று எண்ணம். பிறகு நுவரெலியாவில் இரண்டு இரவுகள், அதில் ஒரு பகல் சீதா எலிய கோவிலும் ஹக்கல பூங்காவும். பண்டாரவளையில் இரண்டு இரவுகள். ஐந்து இரவுகள் முடிந்து ஆறாம் நாள் நேரே விமான நிலையம். எட்டு விடுதிகளுக்குப் படி எத்தனை என்று எழுதிக் கேட்டதில் மூன்று பேர்தான் எண்ணோடு பதில் தந்திருக்கிறார்கள். பட்டியல் தானாகவே சுருங்கிவிட்டது. அவற்றுள் பண்டாரவளைக்கு அருகே, சாலையிலிருந்து முந்நூறு மீட்டரில், ஆறு படிகள் மட்டுமே உள்ள ஒரு பழைய பங்களாவும் இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. நானுஓயாவிலிருந்து பண்டாரவளை வரை மட்டும் ரயிலில் போனால் மனைவியின் ஆசை தீருமா? மேலும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அங்கே செய்த மண்சரிவுகளைச் செய்திகளில் பார்த்ததிலிருந்து, மலைச்சரிவில் இருக்கும் வீட்டில் பிள்ளைகளோடு தங்குவது பற்றி அப்பா கவலைப்படுகிறார்.

மழைமானி:

ரயிலின் அழகான பகுதியே அதுதான் ஐயா. அம்பேவல, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை எல்லாம் அந்த இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். பட்டிப்பொலதான் அந்நாட்டின் மிக உயரத்திலுள்ள ரயில் நிலையம். முன்பதிவு முப்பது நாள்களுக்கு முன் திறக்கும், திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்தும் விடும். மூட்டைகளை வேனில் ஏற்றிச் சாலை வழியாகப் பண்டாரவளை நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, கையில் குடிநீரும் மகளுக்கு ஒரு பாலிதீன் பையும் மட்டும் வைத்துக்கொண்டு ஏறுங்கள். நானுஓயா நிலையம் நுவரெலியாவிலிருந்து எட்டு கிலோமீட்டர் கீழே இருக்கிறது என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புயல் மலைப்பாதைத் தண்டவாளத்தைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. ஆகவே எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறது என்பதை முன்பதிவு நாளிலும் புறப்படும் வாரத்திலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அப்பாவின் கவலை நியாயமானது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் மண்சரிவுக்குப் பேர்போனவை. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது, தமிழிலும் வருகிறது. சிவப்பு வந்தால் அந்தப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று பொருள். விடுதியைப் பொறுத்தவரை, வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் செங்குத்தாக விட்டிருக்கிறார்களா, மேலிருந்து வரும் நீருக்கு வடிகால் இருக்கிறதா என்று முதல் நாளே நடந்து பாருங்கள். முகட்டிலோ அகன்ற மேட்டிலோ கட்டப்பட்ட பழைய பங்களாக்கள் இதில் மேல். சாலை விளிம்பில் தூண் நிறுத்தித் தொங்கவிட்ட புதிய அறைகளை நான் எடுக்கமாட்டேன்.

பண்டாரவளையிலிருந்து ஆறாம் நாள் நேரே விமான நிலையம் என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றச் சொல்கிறேன். பெரகலையில் இறங்கி இரத்தினபுரி வழியாக ஐந்தாறு மணி நேரம். மே மழையில் ஓரிடத்தில் மண் சரிந்தால் அன்றைய விமானம் போய்விடும். முடிந்தால் ஒரு நாளைக் கூட்டி, கடைசி இரவை நீர்கொழும்பில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படிகள் இருக்காது.

நங்கநல்லூர்வாசி:

விடுப்பை ஒரு நாள் நீட்டிக் கடிதம் கொடுத்துவிட்டேன். பண்டாரவளைப் பங்களாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். முன்பக்கத்துக்கு மட்டும் பதினேழு படங்கள் வந்திருக்கின்றன.